ஷெர்லி சிஷோம் ஏறிய படிகள்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். அதற்கு முன் என்ன வேலை பார்த்தார்?

பதில்: எல்லாம் குழந்தைகளோடுதான். 1946இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் கல்லூரியில் பட்டம், பிறகு அதே நகரின் ஹார்லெமில் மழலையர் பள்ளி வேலை, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை. 1959 வரை மன்ஹாட்டனில் குழந்தைகள் காப்பகம் ஒன்றின் இயக்குநர்.

கேள்வி: டீச்சர் அரசியலுக்குள் எப்படி?

பதில்: பேட்டையில் இருந்த ஜனநாயகக் கட்சி மன்றத்தின் வழியாக. அங்கே நிதி திரட்டுவது பெண்கள் வேலை. குலுக்கல் சீட்டு போட்டுவைக்கும் சுருட்டுப் பெட்டிகளுக்கு வண்ணம் தீட்டியவர் சிஷோம். பணம் கொண்டுவருவது பெண்கள், செலவழிப்பது ஆண்கள்! எங்களுக்கும் நிதி ஒதுக்குங்கள் என்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேட்டார். அவருடைய அரசியல் அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன். 1964இல் நியூயார்க் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். வீட்டுப் பணியாளர்களுக்கு வேலையின்மைக் காப்பீடு அங்கே அவர் கொண்டுவந்தது.

கேள்வி: 1968 காங்கிரஸ் தேர்தலில், கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகப் போராடிய ஜேம்ஸ் ஃபார்மர் போன்ற பெரிய தலைவரை எப்படித் தோற்கடித்தார்?

பதில்: முதல் காரணம் தொகுதி மறுவரையறை. புரூக்ளினில் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பல தொகுதிகளில் சிதறிக் கிடந்தது; நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு 12ஆம் தொகுதிக்குள் வந்தது. ஃபார்மர் தரப்பு ‘ஆண் குரல் வேண்டும்’ என்று பேசியது. வாக்காளர் பட்டியலிலோ பெண்களே அதிகம். அந்தப் பேச்சு திருப்பியடித்தது. போர்ட்டோ ரிக்கோ மக்களிடம் சிஷோம் ஸ்பானிஷிலேயே வாக்கு கேட்டார்.

கேள்வி: காங்கிரசில் நகரத்து உறுப்பினருக்கு விவசாயக் குழுவா?

பதில்: ஆமாம், அதிலும் காடுகள், கிராமங்கள் பற்றிய துணைக்குழு. புது உறுப்பினர் வாய்மூடி ஏற்பதுதான் வழக்கம். கட்சிக் கூட்டத்தில் இவர் எழுந்து நின்றால் மூத்தவர்களையே பேச அழைத்தார்கள். கடைசியில் இருக்கையை விட்டு நடந்து, தலைவரின் மேடைக்கு முன்னால் போய் நின்றார். முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாற்றினார்கள். விரும்பிய கல்வி, தொழிலாளர் குழு 1971இல் கிடைத்தது.

கேள்வி: 1972 அதிபர் முயற்சி எங்கே சறுக்கியது?

பதில்: அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் தன் பிரதிநிதிகளை வைத்துப் பேரம் பேசலாம் என்பது திட்டம். ஆனால் கலிபோர்னியாவின் 271 பிரதிநிதிகளும் போட்டியாளர் மெக்கவர்னுக்கே என்று மாநாட்டின் முதல் இரவே முடிவானது. பேரத்துக்கு இடமில்லாமல் போனது. வேட்பாளராகத் தேவை 1,509 வாக்குகள், சிஷோமுக்குக் கிடைத்தது 152.

கேள்வி: இனப் பிரிவினை பேசிய அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸை மருத்துவமனையில் போய்ப் பார்த்தாரே?

பதில்: 1972 மே மாதம் வாலஸ் சுடப்பட்டபோது இருவரும் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்கள். பார்க்கப் போனதற்குச் சிஷோமின் ஆதரவாளர்களே கொதித்தார்கள். 1974இல் வீட்டுப் பணியாளர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் சட்டமானது. அதற்குத் தெற்கத்திய உறுப்பினர்களின் வாக்குகளை வாலஸ் பேசி வாங்கித் தந்தார் என்று சிஷோமே பின்னாளில் சொன்னார். சிஷோமின் அம்மாவும் வீட்டு வேலை செய்தவர்.