விக்கித்தரவு கேள்வி பதில்: எண்ணா, எழுத்தா, தேதியா?

நெல்லைச் சீமையின் ஊர்கள், கோயில்கள், அணைகள் பற்றிய விவரங்களை விக்கித்தரவில் (யாரும் திருத்தக்கூடிய இணையத் தரவுத்தளமான Wikidata-வில்) ஏற்றிவரும் நண்பர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தரவு வகைகளும் பதிவுகளைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. கணக்குத் தொடங்குவது, படம் ஏற்றுவது ஆகியவற்றுக்கு உதவிப் பக்கங்களைப் பாருங்கள்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, எஸ்.டி.டி. குறியீடு எண்தானே? அதை ஏன் எழுத்துச் சரமாக, அதாவது வெறும் உரையாக, வைத்திருக்கிறார்கள்?

அதை வைத்துக் கூட்டல் கழித்தல் செய்யப்போவதில்லை, தம்பி. திருநெல்வேலியின் 0462-ஐ எண்ணாகக் கொண்டால் முன்னால் நிற்கும் பூச்சியம் உதிர்ந்து 462 ஆகிவிடும். அஞ்சல் குறியீடு 627001-உம் எழுத்துச் சரம்தான். கணக்குப் போடவேண்டிய எண்ணுக்கு மட்டுமே ‘அளவு’ என்ற வகை. ஒரு எச்சரிக்கை: பட்டியலை எக்செலில் அப்படியே திறந்து சேமிக்காதீர்கள். குறியீடு உள்ள நெடுவரிசையை முதலில் ‘உரை’ என்று குறித்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

அம்பாசமுத்திரம், பள்ளி ஆசிரியை: பாபநாசம் அணை 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று மாணவிகள் பதிந்தார்கள். யாரோ நீக்கிவிட்டார். செய்தித்தாளில் வருகிற எண்தானே, ஐயா?

எண்கள் சரிதான், அம்மா. அலகு எங்கே? பத்திரிகை படிக்கும் நம்மூர்க்காரருக்கு அது அடி என்று தெரியும். பெரு நாட்டிலிருந்து தேடுபவருக்கு எப்படித் தெரியும்? அளவு வகையில் எண்ணும் அலகும் தனித்தனியாக இருக்கின்றன. மக்கள்தொகை போன்றவற்றுக்கு அலகு தேவையில்லை என்பதால் அலகு இல்லாமலும் சேமிக்க விடுகிறது. அந்தத் தாராளம்தான் மாணவிகளைத் தவறு செய்ய விட்டது.

மீட்டருக்கு மாற்றிப் போடவும் வேண்டாம். மூலம் அடியில் சொன்னால் நீங்களும் அடியிலேயே எழுதுங்கள். 143 அடியை 43.5864 மீட்டர் என்று எழுதினால், யாரோ மில்லிமீட்டருக்கும் கீழே அளந்ததுபோல் ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 143 அடி என்பது அணையில் நீர் தேக்கும் முழுக்கொள்ளளவு மட்டம். அதை ‘கடல்மட்டத்திலிருந்து உயரம்’ என்ற பண்பில் (விவரத்தின் தலைப்பில்) போட்டாலும் மென்பொருள் மறுக்காது. இரண்டும் நீள அளவுகள்தாம். மலைக்குள் இருக்கும் அணைக்கு அந்த உயரம் பொருந்துமா என்று மனிதர்தான் பார்க்கவேண்டும்.

கடையநல்லூர்: ஊரின் ஆயத்தொலைவைப் பதிந்தேன். வரைபடத்தில் கடலுக்குள் காட்டுகிறது.

அகலாங்கும் (அட்சரேகை) நெட்டாங்கும் (தீர்க்கரேகை) இடம் மாறிவிட்டன. நம் பகுதிக்கு அகலாங்கு சுமார் 8 அல்லது 9, நெட்டாங்கு சுமார் 77. திருநெல்வேலியின் 8.73, 77.7 என்பதைத் திருப்பிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே வடதுருவக் கடலில் விழும். அகலாங்கு 90 வரை இருக்கலாம். 77 அந்த வரம்புக்குள் இருப்பதால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. சேமித்ததும் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு ஊருக்கு ஒன்பது தசம இலக்கமும் வேண்டாம். நான்காவது இலக்கமே ஏறத்தாழ 11 மீட்டர்.

வள்ளியூர்: தொலைபேசிக் குறியீடுகளில் பூச்சியம் காணாமல் போய்விட்டது.

பாளையங்கோட்டைத் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சேரன்மகாதேவி, கல்வெட்டு ஆர்வலர்: கொல்லம் ஆண்டில் உள்ள கல்வெட்டின் காலத்தை எப்படிப் பதிவது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குகிறது. நம் பகுதிக் கல்வெட்டுகளில் சரளமாக வரும். ஆனால் விக்கித்தரவின் தேதி வகை கிரிகோரியன், ஜூலியன் ஆகிய இரண்டு நாட்காட்டிகளை மட்டுமே அறியும். அதனால் கொல்லம் 921 என்று கண்டதும் 824-ஐக் கூட்டி 1745 என்று போட்டுவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டு, 1745-இன் பிற்பகுதியில் தொடங்கி 1746-இன் ஆடி வரை ஓடும். கல்வெட்டில் மாதம் தை முதல் ஆடிக்குள் இருந்தால் 825-ஐக் கூட்டவேண்டும். மார்கழி இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் கால் வைப்பதால் நாளையும் பார்க்கவேண்டும்.

மாதம் சிதைந்துபோயிருந்தால் ஊகிக்காதீர்கள். தேதி வகையில் மதிப்போடு துல்லியமும் சேமிக்கப்படுகிறது: 11 என்றால் நாள், 10 மாதம், 9 ஆண்டு, 8 பத்தாண்டு, 7 நூற்றாண்டு. வெறும் 1745 என்று கொடுத்தால் உள்ளே 1745-00-00, துல்லியம் 9 என்று பதிவாகும். நீங்கள் 18-ஆம் நூற்றாண்டு என்று கொடுத்து, ‘மிக முந்தைய தேதி’ 1745, ‘மிகப் பிந்தைய தேதி’ 1746 என்ற இரண்டு துணைக்குறிப்புகளையும் கூற்றோடு (பண்பும் மதிப்பும் சேர்ந்த பதிவோடு) சேருங்கள். கல்வெட்டு வாசகத்தில் உள்ள கொல்லம் எண்ணையும் மேற்கோளாகச் சேருங்கள். பின்னால் வருபவர் உங்கள் கணக்கைச் சரிபார்க்கமுடியும்.

கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட நாள் 16 அக்டோபர் 1799. அதற்கு 11 பொருந்தும். எல்லாக் காலத்துக்கும் அந்தத் துல்லியத்தை ஆசைப்படாதீர்கள்.

திருநெல்வேலி டவுன்: குற்றாலம் தென்காசி மாவட்டம் என்று யாரோ மாற்றிவிட்டார். நான் திருநெல்வேலி என்று திருப்பிப் போட்டேன். குற்றாலம் என்றைக்கும் எங்களுடையது.

அருவியின் மேல் உங்களுக்குள்ள உரிமையை மதிக்கிறேன். ஆனால் 22 நவம்பர் 2019-இல் தென்காசி மாவட்டம் பிறந்துவிட்டது.

தென்காசி: அப்படிச் சொல்லுங்கள், அண்ணாச்சி. பழைய மாவட்டத்தின் பெயரை அடியோடு நீக்கிவிடுகிறேன்.

நீக்காதீர்கள்! அதுவும் அதே அளவு தவறு. திருநெல்வேலி மாவட்டம் என்ற கூற்று இருக்கட்டும், முடிவுத் தேதியோடு. தென்காசி மாவட்டம் என்பதைத் தொடக்கத் தேதியோடு சேர்த்து, அதற்கு ‘விரும்பத்தக்கது’ என்ற தரம் கொடுங்கள். வழக்கமான தேடலில் அதுதான் வரும், வரலாறும் அழியாது.

திருநெல்வேலி டவுன்: அப்படியானால் பாரதி பிறந்தது எந்த மாவட்டம்?

பாரதி பிறந்த இடம் எட்டயபுரம். 11 டிசம்பர் 1882. அவருடைய உருப்படியில் (விக்கித்தரவில் அவருக்கான பக்கத்தில்) ஊரோடு நிறுத்துங்கள். எட்டயபுரம் எந்தக் காலத்தில் எந்த மாவட்டம் என்பது எட்டயபுரத்தின் உருப்படியில் இருக்கவேண்டும். 20 அக்டோபர் 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது. அந்தத் தேதியை அங்கே ஒருமுறை எழுதினால் போதும். இல்லையென்றால் மாவட்டம் பிரியும்போதெல்லாம் அந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவரின் பக்கத்தையும் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தென்காசி: மக்கள்தொகை 30,77,233 என்று திருநெல்வேலி மாவட்டத்துக்கு இன்னும் இருக்கிறதே, எங்களையும் சேர்த்து!

அது 2011 கணக்கெடுப்பின் எண். பிரிக்கப்படாத மாவட்டத்துக்கு உரியது. ‘2011’ என்ற காலக்குறிப்பு இருந்தால் அது உண்மை, இல்லாவிட்டால் பொய். ஆண்டைச் சேருங்கள், எண்ணைத் தொடாதீர்கள். மாவட்டச் சண்டையை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

நாங்குநேரி: தவறான பதிவை மென்பொருளே தடுத்துவிட்டால் என்ன?

வடிவம் தவறினால் தடுக்கிறது: தேதிப் பெட்டியில் ‘நெல்லையப்பர்’ என்று எழுதினால் சேமிக்காது. அதற்கு மேல் உள்ள கட்டுப்பாட்டு விதிகள் எச்சரிக்க மட்டுமே செய்யும். அஞ்சல் குறியீட்டுக்கு ஆறு இலக்கம் என்று விதி வைத்தால் பிரிட்டனின் எழுத்து கலந்த குறியீடுகள் எல்லாம் பிழையாகிவிடும். உலகம் விதிவிலக்குகளால் நிறைந்தது. எனவே எச்சரிக்கைக் குறி தோன்றினால் உங்கள் மூலத்தைத் திறந்து பாருங்கள். குறி மறையவேண்டும் என்பதற்காக மதிப்பை மாற்றாதீர்கள்.

முக்கூடல்: ‘ஔவையார்’ என்று தேடினால் சில பதிவுகள் கிடைக்கவில்லை.

‘ஔ’ ஒரே எழுத்து. பலர் ‘ஒ’ தட்டி அதன் பக்கத்தில் ‘ள’ தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு வேறு சொல். ‘கொ’வின் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினால் மென்பொருளே இணைத்துவிடும், இதை இணைக்காது. கையால்தான் திருத்தவேண்டும்.

ஏர்வாடி: பண்பின் தரவு வகையைப் பின்னால் மாற்றலாமா?

முடியாது. புதுப் பண்பு கேட்கும்போதே யோசித்துக் கேளுங்கள்.

களக்காடு: எஸ்.டி.டி. குறியீட்டில் பூச்சியம்...

முதல் பதில்.

விக்கிரமசிங்கபுரம்: எங்கள் ஊர்க் கவிஞர் ஒருவரின் பிறந்த தேதி தெரியவில்லை. 1 ஜனவரி 1900 என்று போட்டிருக்கிறேன். பரவாயில்லையா?

உடனே எடுத்துவிடுங்கள். நாளைக்கே அதை யாராவது நகலெடுத்து நூற்றாண்டுத் துணுக்குகளில் அச்சிடுவார்கள். பிறகு அந்த அச்சே ஆதாரமாகிவிடும். பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது என்றாலும், சேர்க்கைக்காக வாத்தியார் போட்ட தேதியா என்று விசாரியுங்கள். அவரைப் பற்றி நம்பத்தக்க நூலோ கட்டுரையோ பத்தாண்டு வரை சொன்னால் துல்லியம் 8, நூற்றாண்டு வரை என்றால் 7. அதுவும் இல்லையென்றால் மதிப்புப் பெட்டியின் அருகிலுள்ள தேர்வில் ‘மதிப்பு தெரியாது’ என்பதைக் கொடுங்கள். ‘மதிப்பு இல்லை’ என்பதைக் கொடுத்துவிடாதீர்கள். அது அவர் பிறக்கவே இல்லை என்று சொல்வதாகிவிடும்.