பழைய போஸ்டர் எழுத்து, இன்றைய ஃபான்ட்

கேள்வி: பரணில் 1950களின் சினிமா போஸ்டர் ஒன்று கிடைத்தது. தலைப்பில் இருப்பது ஒன்பது எழுத்துகள். அதை வைத்து முழு ஃபான்ட் செய்ய முடியுமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: முடியும். போனில் படம் எடுக்காதீர்கள். ஓரத்து எழுத்துகள் வளைந்துவிடும். 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். போஸ்டர் பெரிதென்றால் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

வரைகலை மென்பொருளான இன்க்ஸ்கேப்பில், படத்தைத் தானாகக் கோடுகளாக்கும் ‘டிரேஸ் பிட்மேப்’பை நம்பி இறங்க வேண்டாம். மை கசிந்த ஓரத்தையும் அது எழுத்தின் வடிவமென்றே எடுத்துக்கொண்டு, ஒரே எழுத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் குவித்துவிடும். ஸ்கேனை ஃபான்ட் செய்யும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் பின்னணியாக வைத்துக் கையால் வரையுங்கள். வளைவின் உச்சி, அடி, இடம், வலம் என நான்கு முனைகளில் புள்ளி வைத்தால் போதும்.

இல்லாத எழுத்துகளை இருப்பவற்றிலிருந்துதான் பிடிக்க வேண்டும். ‘ப’ இருந்தால் ட, ம, ய, ழ வந்துவிடும். ‘ன’வின் சுழி ண, ளவுக்கு வழிகாட்டும். 247ஐயும் வரையத் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம், அகர வரிசை 18, புள்ளி, துணைக்கால், இகர ஈகாரக் குறிகள், கொம்பு வகைகள் தனித்தனியாகப் போதும். உகர ஊகார எழுத்துகள் 36, டி, டீ ஆகியவற்றை மட்டும் முழுதாக வரைய வேண்டும். பலர் சலித்து நிறுத்துவது அந்த 36இல்தான்.

கேள்வி: மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனி காலத்துத் தலைப்புகளில் வரும், துதிக்கை வைத்த ‘லை’ வேண்டும். தட்டினால் புது ‘லை’யே வருகிறதே?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணையில் மாறிய வடிவம் அது. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் பழையதற்கும் புதியதற்கும் குறியெண் ஒன்றே. எனவே பழைய ‘லை’யைக் கூட்டெழுத்தாக வரைந்து, ஸ்டைலிஸ்டிக் செட் (வேண்டும்போது மாற்று வடிவத்தை வரவழைக்கும் ஃபான்ட் வசதி) விதியில் சேருங்கள். தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தட்டும்போது ‘ல’ முந்தி வந்தாலும், விதி இயங்கும் நேரத்தில் ஐகாரக் குறி முன்னால் போயிருக்கும். விதியிலும் ஐகாரக் குறி, பிறகு ‘ல’ என்றே எழுதுங்கள். வரிசையை மாற்றினால் எதுவுமே நடக்காது, பிழைச் செய்தியும் வராது.

மாறிய எழுத்துகள் 13 என்றாலும், ஏழு வடிவங்கள் வரைந்தால் போதும்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை. ணொ, றோ போன்றவற்றில் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்பதால், ணா, றா, னா விதிகளே அவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: தங்கும் விடுதிப் பலகைக்குத் தேய்ந்த தோற்றமுள்ள ஃபான்ட் தேர்ந்தெடுத்தேன். ஸ்டிக்கர் வெட்டும் கடையில் முடியாது என்கிறார்கள்.
– வாசகர், ஏற்காடு

பதில்: அவர்கள் சொல்வது சரி. தேய்மானப் பொட்டு ஒவ்வொன்றையும் கத்தி தனித்துண்டாக வெட்டும். உரிக்கும்போது எல்லாம் கையோடு வந்துவிடும். வினைல் ஸ்டிக்கருக்குத் தேய்மானம் இல்லாத வடிவமே ஏற்றது. தேய்ந்த தோற்றம்தான் வேண்டுமென்றால் ஃபிளெக்ஸில் அச்சடியுங்கள். கடைக்கு ஃபான்ட் கோப்பைத் தராமல், எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். கடைகளின் பழைய கோரல்டிரா மென்பொருளில் யூனிகோடுத் தமிழ் உடையும். மாற்றிய பின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது, ஆகவே பெயர், போன் எண் எல்லாவற்றையும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.