பழைய மோரிஸ் மைனர்ல புது ப்ளூடூத் ஸ்டீரியோவை நானே மாட்ட என்னென்ன டூல்ஸ் வாங்கணும்?

நீங்க சொன்னது 1962 மைனர் 1000, டேஷ்போர்டை வெட்டக் கூடாது, சாதா ப்ளூடூத் செட் ஒண்ணு வைக்கணும், அதுக்கு ஆன்லைன்ல நூறு பீஸ் டூல் கிட்டும் ட்ரில் மெஷினும் பார்த்து வச்சிருக்கீங்க. அந்த கிட்டை வாங்காதீங்க. அதுல வர்ற ஸ்பானர் எல்லாம் மில்லிமீட்டர், உங்க வண்டி நட்டு போல்ட்டு எல்லாம் இஞ்ச் சைஸ். 7/16 நட்டுல 11 நம்பர் சரியா உட்காரும்னு சொல்ல முடியாது, 12 போட்டா வழுக்கி மூலை தேஞ்சு போயிரும், அப்புறம் அதைக் கழட்டுறது பெரிய ரோதனை. 7/16, 1/2, 9/16 மூணு மட்டும் சென்னையா இருந்தா புதுப்பேட்டைல பழசா தேடுங்க, நல்ல இரும்பாவே மாட்டும். ஸ்க்ரூட்ரைவர் வீட்ல இருக்கிறதே போதும்.

மிச்ச காசை ரெண்டு சாமான்ல போடுங்க, மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கிற மீட்டர்), நல்ல கிரிம்பிங் டூல் (வயர் முனையில டெர்மினலை நசுக்கி இறுக்குற கருவி). இந்த வேலைக்கு மத்ததெல்லாம் கடன் வாங்கிக்கலாம்.

மல்டிமீட்டர் ஏன்னா, உங்க வண்டி கம்பெனில இருந்து வந்தப்போ பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியோட ப்ளஸ்தான் பாடில போய் உட்காரும், இப்ப வர்ற வண்டிக்கு நேர் எதிர். அறுபது வருஷத்துல யாராவது மாத்தியும் இருக்கலாம், பார்த்து சொல்ல முடியாது. கருப்பு ப்ரோபை பாடில சுரண்டின இரும்புல வைங்க, சிகப்பை பேட்டரில பாடிக்குப் போகாத முனையில வைங்க, மைனஸ் 12 சொச்சம் காட்டினா இன்னும் பாசிட்டிவ் எர்த்தான். எலக்ட்ரீஷியன்கள் வச்சிருக்கிற பல்பு டெஸ்டர் இதுக்கு உதவாது, அது எந்தப் பக்கம் வச்சாலும் எரியும்.

பாசிட்டிவ் எர்த்தா இருந்தா இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. புது செட்டோட வெளி டப்பா அதோட கருப்பு வயரோட சேர்ந்திருக்கும், அதாவது அது மைனஸ். உங்க பாடி ப்ளஸ். டப்பா பாடில பட்டா நேரா ஷார்ட்டு. டப்பாவை மட்டும் காப்பாத்தினாலும் போதாது, ஆன்டெனா வயரோட மேல் வலையும் டப்பாவோடதான் சேரும், ஆன்டெனா ஃபெண்டர்ல போல்ட் போட்டிருந்தா அது வழியா ஷார்ட்டாகும், இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. இன்னொண்ணு, செட்டுக்குப் பின்னாடி இருக்கிற 10 ஆம்ப் ஃப்யூஸ் மஞ்சள் வயர் லைன்ல இருக்கு. பாசிட்டிவ் எர்த்ல மஞ்சளும் சிகப்பும் பாடிக்குப் போகும், கருப்புதான் ஃப்யூஸ் பாக்ஸுக்குப் போகணும், அதனால அந்த ஃப்யூஸ் தப்பான பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கும், ஷார்ட்டானா வயர்தான் எரியும். கருப்பு வயர்ல தனியா ஒரு இன்லைன் ஃப்யூஸ் போட்டே ஆகணும். வண்டியோட ஃப்யூஸ் பாக்ஸை நம்பாதீங்க, அதுல இருக்கிறது 35 ஆம்ப்.

என்னைக் கேட்டா நெகட்டிவ் எர்த்தா மாத்திடுறதுதான் நிம்மதி. பேட்டரியைத் திருப்பிப் போடணும் (ப்ளஸ் முனை கொஞ்சம் தடிமன், அதனால கிளாம்ப் ரெண்டையும் சரி பண்ணணும்), இக்னிஷன் காயில்ல ரெண்டு வயரை இடம் மாத்தணும், டைனமோவுக்கு (பேட்டரியை சார்ஜ் பண்றது) புது போலாரிட்டி, அதாவது ப்ளஸ் மைனஸ் திசை, கொடுக்கணும். அது வேற ஒண்ணுமில்ல, டைனமோல ரெண்டு வயரையும் கழட்டிட்டு, திருப்பிப் போட்ட பேட்டரியோட ப்ளஸ்ல இருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவோட எஃப் (F) முனையில ரெண்டு மூணு தடவை தொட்டு எடுக்கணும், சின்னதா பொறி வரும், அவ்ளோதான். எலக்ட்ரிக் பெட்ரோல் பம்பை பிற்காலத்துல யாராவது மாத்தியிருந்தா அதுக்குள்ள டையோடு இருக்கலாம், அதை முதல்லயே பார்த்துடுங்க. ஒரிஜினலாவே இருக்கணும்னு பிடிவாதம் இருந்தா, செட்டுக்கு மட்டும் ஐசொலேட்டட் டிசி கன்வெர்ட்டர் (உள்ள வர்ற கரண்டு லைனும் வெளிய போற லைனும் ஒண்ணோட ஒண்ணு சேராதது) ஒண்ணு போட்டுக்கலாம்.

இப்ப கிரிம்பிங். பழைய வயர்ல லூகாஸ் புல்லட் கனெக்டர் இருக்கும், மேல துணி சுத்தின வயர், தொட்டாலே உதிரும். அதுல ப்ளேடால கீறி முறுக்கி டேப் சுத்துற வேலை வேண்டாம், அந்த டேப் நம்ம வெயில்ல பிசினா வழிஞ்சிடும். வயரைக் கடிச்சுப் பிடிக்கிற அந்த க்ளிப் கனெக்டரும் வேண்டாம். ராட்செட் டைப் கிரிம்பர் வாங்குங்க, முழுசா அழுத்தாம அது விடாது, அதனால பாதி பிடிச்ச ஜாயின்ட் வராது. சிகப்பு, நீல டெர்மினல் ஒரு பாக்கெட், ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்கி வயரை மூடுற குழாய்) கொஞ்சம். சால்டரிங் அயர்ன் எனக்குப் பிடிச்ச சாமான்தான், ஆனா டேஷ்போர்டுக்கு அடியில மல்லாக்கப் படுத்துட்டு பத்த வைக்கிற இடம் அதுக்கில்ல, உருகின ஈயம் மூஞ்சில சொட்டும், அதுவும் இல்லாம ஈயம் ஏறின இடத்துல வயர் விறைச்சுப் போய் ஆட்டத்துல ஒடியும்.

செட்டை வைக்க டேஷ்போர்டு எதுக்கு? கீழ பார்சல் ஷெல்ஃப் இருக்கு, அங்க ப்ளைவுட்ல ஒரு பெட்டி பண்ணி, முன்னாடி 182க்கு 53 மி.மீ ஓட்டை போட்டா செட்டைத் தாங்குற தகட்டு ஸ்லீவ் அப்படியே உட்காரும். கை ரம்பமும் அரமும் போதும், ட்ரில்லை பக்கத்து வீட்ல கேளுங்க. பாசிட்டிவ் எர்த்தாவே விட்டுட்டீங்கன்னா இந்த மரப்பெட்டியே இன்சுலேஷனும் ஆகிடும், ஆனா செட்டுக்குப் பின்னாடி பிடிக்கிற தகட்டுப் பட்டியை பாடில முடுக்கிடக் கூடாது. செட்டோட வர்ற ரெண்டு மெல்லிசு தகட்டு சாவியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அது இல்லாம பின்னாடி செட்டை வெளிய எடுக்கவே முடியாது.

ஸ்பீக்கருக்கு ரெண்டு வயரும் செட்டுல இருந்தே தனித்தனியா இழுக்கணும். அந்தக் கால ரேடியோ மாதிரி ஒரு வயரை பாடில விட்டா செட்டோட ஆம்ப்ளிஃபயர் காலி, எர்த் எந்தப் பக்கமா இருந்தாலும் சரி. ஸ்பீக்கர்ல எது ப்ளஸ்னு குழப்பமா இருந்தா 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்க, கோன் வெளிய தள்ளினா செல்லோட ப்ளஸ் பட்ட முனைதான் ப்ளஸ்.

சவுண்டை அலற விட்டு, ஹெட்லைட்டும் போட்டு, ட்ராஃபிக்ல நிக்காதீங்க. டைனமோ முழு ஓட்டத்துலயே 22 ஆம்ப்தான் தரும், ஐட்லிங்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே வராது, இழுக்கிறது எல்லாம் பேட்டரில இருந்துதான்.

எல்லாம் மாட்டி முடிச்சு ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது கூடவே டிக் டிக்னு இரைச்சல் ஏறினா செட்டைத் திட்டாதீங்க, ரெசிஸ்டர் உள்ள ப்ளக் கேப் நாலு வாங்கிப் போடுங்க, காயில்ல சுவிட்ச் பக்கம் ஒரு சப்ரஸர் கண்டென்சர் வைங்க, பெரும்பாலும் அதோட அடங்கிடும்.