வாள் மெசினும் விரல்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மேசைக்கு எந்த மரம், பொலிஷ் எத்தனை தடவை என்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். கையை வெட்டிக்கொண்டவர்களும், இப்படியே போனால் வெட்டிக்கொள்ளப் போகிறவர்களும் எழுதியவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நாலு அங்குல கிரைண்டரில் மரம் அறுக்கிற பிளேடு பூட்டித்தான் எல்லா வேலையும் செய்கிறேன். எங்கள் பக்கத்துப் பாஸ்மாரும் அப்படித்தான். அதில் அவ்வளவு ஆபத்தா? (வத்தளை)

ஆபத்துத்தான். வீட்டில் மரவேலை செய்கிறவர்கள் ஒரேயொரு பழக்கத்தை விட வேண்டுமென்றால் இதைத்தான் விடச் சொல்வேன்.

கிரைண்டரின் கல் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். பல் வைத்த பிளேடு மரத்தைக் கடிக்கும். கடித்த இடத்தில் மரம் சற்று இறுகினாலோ, பழைய பலகைக்குள் ஆணி ஒன்று ஒளிந்திருந்தாலோ, மெசின் முழுவதும் உங்கள் பக்கம் துள்ளும். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றுகிறது. கணக்குப் போட்டால் பல்லின் நுனி மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டி ஓடுகிறது. துள்ளுவது கண்ணில் படும்போது வெட்டு விழுந்திருக்கும்.

கையில் பிடிக்கும் சர்க்கியூலர் சோவும் (வட்ட வாள்) வேகமானதுதான். ஆனால் அதில் மரத்தின் மேல் படுகிற அகலத் தட்டு இருக்கிறது, தானாக மூடும் காப்பு மூடி இருக்கிறது, விரலை எடுத்ததும் கறன்ட் நிற்கும் சுவிட்ச் இருக்கிறது. கிரைண்டரில் தட்டு கிடையாது. காப்பு மூடியைப் பெரும்பாலானவர்கள் வாங்கிய அன்றே கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். பல மாடல்களில் சுவிட்சைத் தள்ளினால் அப்படியே பூட்டிக்கொள்ளும், கையைவிட்டு நழுவித் தரையில் விழுந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

சிலர் மூடியைக் கழற்றிவிட்டு ஏழு அங்குல பிளேடைப் பூட்டுகிறார்கள். பிளேடின் முகத்தில் அது தாங்கும் உச்ச சுற்று அச்சிட்டிருக்கும். பெரிய பிளேடில் அந்த எண் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சின்ன பிளேடில் எண் பொருந்தினாலும் துள்ளல் துள்ளல்தான்.

பாஸ்மார் செய்கிறார்கள் என்பது உண்மை. அடுத்த தடவை பிளேன்ரீ கொடுக்கும்போது அவர்களுடைய இடது கையைக் கொஞ்சம் பாருங்கள். கொழும்பு பழைய சோனகத் தெருவுக்குப் போனால் ஒரு சாதாரண ஜிக்சோ, அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் வாள், வாங்கலாம். வீட்டு வேலையில் பாதிக்கு அது போதும், மீதிக்குக் கைவாள் இருக்கிறது.

மெசினில் வேலை செய்யும்போது தடித்த கையுறை போட்டால் பாதுகாப்புத்தானே? (கொட்டாஞ்சேனை)

சுழல்கிற எதற்கும் கையுறை வேண்டாம். வெறும் விரல் ட்ரில்லில் பட்டால் தோல் கிழியும், கை தானாகப் பின்வாங்கும். கையுறையின் நூல் ஒன்று பிட்டில் சுற்றிக்கொண்டால் மெசின் முழுக் கையையும் உள்ளே இழுக்கும். பலகை சுமக்க, சிலாம்பு எடுக்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடு மாற்றக் கையுறை நல்லது.

மோதிரம், மணிக்கூடு, தொங்கும் சட்டைக் கை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மோதிரம் மாட்டிக்கொண்டால் விரலின் தோலை உறைபோல உரித்தெடுத்துவிடும். அதைச் சரிசெய்வது நேரான வெட்டைச் சரிசெய்வதைவிடக் கஷ்டம். கௌரி காப்பைக் கழற்ற மனம் வராதவர்கள் தொங்கும் நுனியை ஒட்ட நறுக்கி, மேலே ஏற்றி, இறுக்கமான துணிப் பட்டியால் மூடிக்கொள்ளுங்கள். சாரம் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிப்பவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காற்சட்டை போடுங்கள் ஐயா.

சர்க்கியூலர் சோவைத் தலைகீழாகப் பூட்டி மேசை வாள் செய்திருக்கிறேன். நன்றாக அறுக்கிறது. ஆனால் இரண்டு தடவை பலகை திரும்பிப் பாய்ந்து வயிற்றில் அடித்தது. எங்கே பிழை? (தெஹிவளை)

வயிற்றோடு போனது நல்லது. பலகை பாய்வதைவிட, அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை அந்தக் கணத்தில் எங்கே போகிறது என்பதுதான் என் கவலை.

மேசை வாளில் உங்கள் பக்கத்துப் பற்கள் கீழ்நோக்கி வருகின்றன, மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கத்துப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அறுத்த பலகை அந்தப் பின்பற்களில் உரசினால், அவை அதைத் தூக்கி உங்கள் பக்கம் எறியும். உரசுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பலகையை ஒட்டித் தள்ளும் ஓரச் சட்டம் பிளேடுக்குச் சமாந்தரமாக இல்லாமல் பின்னால் நெருங்கியிருக்கும். அல்லது அறுத்த வாய் தானாக மூடிக்கொள்ளும். இரண்டாவது நம் ஊரில் சாதாரணம். மர ஆலையில் ஈரம் காயாமல் வாங்கிய பலகை அறுக்க அறுக்கவே வளையும்.

கடையில் விற்கும் மேசை வாள்களில் பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இரும்புத் தகடு நிற்கும். ரைவிங் நைஃப் என்பார்கள். அறுத்த வாய் மூடிப் பிளேடைப் பிடிக்காமல் தடுப்பது அதன் வேலை. உங்களுடையதில் அது இருக்காது. அதைப் பொருத்தாமல் நீளவாக்கில் ஒரு பலகையும் அறுக்காதீர்கள். தகட்டின் தடிப்பு பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும், பல் வெட்டும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. இப்படிச் செய்த மேசைகளில் சோவின் சுவிட்சைக் கேபிள் டையால் கட்டி வைத்துவிட்டுப் பிளக்கில் ஓன் ஓஃப் செய்வார்கள். ஏதாவது சிக்கினால் குனிந்து சுவரைத் தேடுவீர்களா? முழங்கால் எட்டும் உயரத்தில், தட்டினால் நிற்கிற சுவிட்ச் ஒன்று போடுங்கள்.

கைக்கு வருகிறேன். ஒவ்வொரு அறுப்புக்கும் முன், மெசின் நிற்கும்போதே கையை வைத்துப் பாருங்கள்: இந்த மரம் இப்போது சட்டென்று இல்லாமல் போனால் என் கை எந்தப் பக்கம் விழும்? பிளேடின் பக்கம் என்றால் பிடி தவறு. பிளேடுக்கு ஆறு அங்குலத்துக்குள் கை போகும் வேலையென்றால் தள்ளுகோல் வேண்டும். அரை அங்குலப் ப்ளைவூட் துண்டில் பத்து நிமிடத்தில் வெட்டிவிடலாம். பிளேடு மரத்துக்கு மேல் ஒரு பல் அளவுக்குத் தெரிந்தால் போதும். நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். ஓர் அடிக்குக் குறைந்த துண்டுகளைக் கைவாளிடம் விட்டுவிடுங்கள்.

உளி நழுவி இடது சுட்டுவிரலின் அடியில் வெட்டிவிட்டது. அரை அங்குலம்கூட இல்லை, இரத்தமும் நின்றுவிட்டது. மூன்று நாளாகிறது, விரல் நுனி மட்டும் மடங்கவில்லை. வீக்கம் வற்றினால் சரியாகுமா? (பம்பலப்பிட்டி)

இதை வாசித்து முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

விரலின் நடு மூட்டை மற்றக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால், அதை மடக்கும் தசைநாண் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். விரலின் இரு பக்கங்களையும் பஞ்சால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மரத்திருந்தால் நரம்பும் வெட்டுப்பட்டிருக்கலாம். உளி அகலமாகக் கிழிக்காது, ஆழமாக இறங்கும். அதனால்தான் மேலே கீறல்போலத் தெரியும்.

அறுந்த தசைநாணை முதல் சில நாட்களுக்குள் தைப்பது நல்லது. வாரக்கணக்கில் விட்டால் தசைநாணின் அறுந்த முனை உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப் போகும், தசைநாண் ஓடும் குழாயும் ஒட்டிக்கொள்ளும், பிறகு வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து வைக்க வேண்டி வரலாம். தைத்த பிறகு பட்டியும் பயிற்சியுமாகச் சில வாரங்கள் போகும். ஏற்புத் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

ஆறிய பிறகு உளியைப் பிடிக்கும்போது, மரத்தை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் தள்ளுவதை விட்டுவிடுங்கள். மரத்தைக் கிளாம்ப் பிடிக்கட்டும், இரண்டு கையும் உளியின் வாய்க்குப் பின்னால் இருக்கட்டும். மழுங்கிய உளிக்குத்தான் பலம் கொடுப்போம், பலம் கொடுக்கும்போதுதான் நழுவும். மெசினை விட்டால் ஆபத்து இல்லை என்று நினைப்பவர்கள் உங்கள் விரலைப் பார்க்க வேண்டும்.

என் கணவர் பின் அறையில் தனியாக வாள் வேலை செய்கிறார். விரல் துண்டாகிவிட்டால் ஐஸுக்குள் போட வேண்டும் என்கிறார்கள். சரியா? (வெள்ளவத்தை)

பாதி சரி, மற்றப் பாதி விரலைக் கெடுத்துவிடும். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை உறைந்து செத்துப்போகும்.

முதலில் ஆள், பிறகு விரல். காயத்தில் சுத்தமான துணியை வைத்து நன்றாக அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். நிமிடத்துக்கொரு தரம் துணியை விலக்கிப் பார்க்கக் கூடாது. ரப்பர் பாண்ட் போட்டு இறுக்க வேண்டாம். மஞ்சள், கோப்பித்தூள், டெட்டோல் எதுவும் வேண்டாம். மற்ற விரல்களில் மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள்.

துண்டான பகுதியைச் சேலைனில், இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சுற்றுங்கள். அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் வெட்டி எடுக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே வைத்துக் கட்டுங்கள். சத்திரசிகிச்சை நடக்கக்கூடும் என்பதால் குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் கொடுக்காதீர்கள், பாவம் என்று ஒரு வாய் ரீகூட.

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கொழும்பில் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு இருக்கிறது. குளிராக வைத்த விரல் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அப்படியே விட்டால் பாதி நாளுக்கும் உத்தரவாதம் இல்லை. எல்லா விரலையும் ஒட்ட மாட்டார்கள் என்பதையும் தெரிந்து வையுங்கள். வாள் ஒரு கோடாக வெட்டாது, தன் அகலத்துக்குச் சதையைத் தின்றுவிடும். பெருவிரல் என்றால் எப்படியாவது முயற்சி செய்வார்கள்.

அவர் தனியாக வேலை செய்வதென்றால் கதவைத் தாழிட வேண்டாம், போன் சட்டைப் பையில் இருக்கட்டும்.

கறன்ட் போனால் மெசினை என்ன செய்வது? (மட்டக்குளி)

பிளக்கைப் பிடுங்குங்கள், அவ்வளவுதான். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று போய் முழு நாட்டுக்கும் கறன்ட் நின்றதே, அது வீட்டில் மரவேலை நடக்கிற நேரம். சுவிட்ச் பூட்டிய நிலையில் கிரைண்டரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனால், கறன்ட் வரும்போது அது தானாக ஓடத் தொடங்கும். ட்ரிப் சுவிட்ச் இதைத் தடுக்காது. மேசை வாளுக்கு, கறன்ட் போனால் தானாக விழுந்து மறுபடி அழுத்தினால் மட்டும் ஓடுகிற காந்த சுவிட்ச் போடலாம்.

விரல் பட்டதும் நிற்கிற வாள் இருக்கிறதாம், கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? (கிருலப்பனை)

சோஸ்டொப் என்று பெயர். ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. பிளேடில் சிறிய மின் சைகை ஓடும். தோல் பட்டதும் அது மாறும், அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து சுமார் 5 மில்லி செக்கனில் பிளேடை நிறுத்திவிடும். சொசேஜை வைத்து அவர்கள் காட்டும் காட்சி உண்மைதான், கீறல் மட்டும் விழும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டையையும், பெரும்பாலும் பிளேடையும் புதிதாக வாங்க வேண்டும். மிகவும் ஈரமான மரம் பட்டாலும் சில நேரம் விரல் என்று நினைத்துப் பாய்ந்துவிடும். பலகை எறிவதை அந்தக் கட்டை தடுக்காது, அதற்கு ரைவிங் நைஃப்தான். கனடாவில் விற்கும் சிறிய மாடல்கள் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தவை. நம்முடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ட்டை இறக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ் மாடல் கிடைக்குமா என்று அண்ணாவிடம் கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.