இந்திய ராணுவத்தில் யூதர் யாராவது உயர் பதவிக்கு வந்திருக்கிறாரா? மதத்தால் அவருக்குத் தொல்லை இருந்ததா?

தம்பி ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போல. ஒரு பெயர் போதுமென்றால் லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். எனக்கு அவரைப் பற்றி அப்படி ஒரு வரியில் முடிக்க மனம் வராது. அவர் ஆர்ட்டிலரி, அதாவது பீரங்கிப் படை. நானும் ஆர்ட்டிலரிதான், ஹவில்தாராக ரிட்டையர் ஆனவன்.

கல்கத்தாவில் குடியேறிய பாக்தாத் யூதக் குடும்பம் அவருடையது. ஐரோப்பாவில் யூதர்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1942இல் மாவ் என்ற ஊரிலுள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் முடித்து, ஈராக், பர்மா என்று போனார். 1971 வங்கதேசப் போரில் கிழக்குக் கமாண்டின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் (தளபதிக்கு அடுத்து திட்டமிடலைப் பார்ப்பவர்), அப்போது மேஜர் ஜெனரல்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டிசம்பர் 16 அன்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். 1971இல் அதே நாளில் பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். மேஜையில் கையெழுத்துப் போடும் பாகிஸ்தான் தளபதி நியாஸி, பக்கத்தில் நம் கிழக்குக் கமாண்ட் தளபதி அரோரா, இருவரையும் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். வலது ஓரத்தில் நிற்பவர் யார் என்று கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. "ஜேக்கப், இந்திய யூதர்" என்றேன். மேடையிலிருந்த ஆசிரியர் ஒருவர் மைக்கை என் கையிலிருந்து வாங்கி, "ஜேக்கப் கிறிஸ்தவப் பெயர், ஐயா மறதியில் சொல்கிறார்" என்று பிள்ளைகளுக்குத் திருத்தம் கொடுத்தார்! பத்தாவது படித்த பட்டாளத்தானுக்கு என்ன தெரியும் என்கிற நினைப்புதான், வேறென்ன.

மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு முழுக் கதையையும் சொன்னேன். சரணடைவு நாளன்று காலை ஜேக்கப் சரணடைவு வாசகத்தோடு டாக்காவுக்குப் பறந்தார். போர்நிறுத்தம்தான் என்று எண்ணியிருந்த நியாஸி அதைப் பார்த்து முரண்டு பிடித்தார். ஜேக்கப் சொன்ன கணக்குப்படி டாக்காவில் பாகிஸ்தான் படை 26,400 பேர், வெளியே நம் ஆட்கள் சுமார் 3,000 பேர். அரை மணி நேரம் அவகாசம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். திரும்பப் போனபோது காகிதம் மேஜையிலேயே கிடந்தது. ஒப்புக்கொள்கிறீர்களா என்று மூன்று முறை கேட்டாராம், பதில் இல்லை. "சரி, ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறேன்" என்று காகிதத்தை எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டியதில் அந்த ஆசிரியர் டீ சொல்கிற சாக்கில் இறங்கிப் போய்விட்டார்.

அன்றைய ராணுவத் தலைமைத் தளபதி மானக்‌ஷாவையும் அரோராவையும் விட்டுவிட்டு இவரைத் தூக்கிப் பிடிக்கிறாயே என்று இப்போது சிலர் வருவார்கள். ஜேக்கப் தன் பங்கைப் பெரிதாக்கிச் சொன்னார் என்ற வாதத்தையும் படித்திருக்கிறேன். இருக்கட்டும். நம் தளபதி சகத் சிங்கின் படை மேக்னா ஆற்றை ஹெலிகாப்டரில் தாண்டியிராவிட்டால் டாக்கா பேச்சே வந்திருக்காது, அதுவும் தெரியும். நான் யாரையும் குறைத்துப் பேசவில்லை. அந்த அறைக்குள் போனவர் இவர், அவ்வளவுதான்.

மதத்தால் தொல்லையா? பிரிட்டிஷ்காரர்களிடம் யூதன் என்ற இளக்காரத்தைப் பார்த்ததாகவும், இந்திய ராணுவத்தில் பார்த்ததே இல்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். நான் இருந்தவரை என்னையும் யாரும் சாமி பெயர் கேட்டு ஒதுக்கவில்லை. 'மதராஸி' என்ற கிண்டல் உண்டு, அதை நான் சும்மா விட்டதில்லை. 1978இல் ஓய்வு பெற்ற ஜேக்கப் பிறகு கோவாவிலும் பஞ்சாபிலும் கவர்னராக இருந்தார். 2016 ஜனவரியில் இறந்தபோது டெல்லியிலுள்ள யூதர் கல்லறையில்தான் அடக்கம்.

அவர் கவர்னர், பென்ஷனுக்கு அலைந்திருக்க மாட்டார். எங்களுக்கு நவம்பர் வந்தால் பென்ஷன் தொடர உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். குண்டு தூக்கித் தேய்ந்த விரலின் ரேகையை மெஷின் ஏற்பதில்லை. "நாளைக்கு வாங்க தாத்தா" என்கிறது கவுண்டரில் இருக்கும் பெண். முகத்தைப் போனில் காட்டினாலே போதும் என்கிறார்கள், செய்து பார்த்தவர்கள் இருந்தால் எப்படி என்று கீழே எழுதுங்கள்.