பாண்டு பேப்பரைக் காட்டி மிரட்டுகிறார்கள்

கேள்வி: மண்டபம் பக்கம் நண்டு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் கதை, வெப் சீரிஸ் என்று சொல்லி சென்னைக்கு நடிக்கக் கூப்பிட்டார்கள். சில காட்சிகளில் உடம்பு தெரியாமல் எடிட்டிங்கில் மறைத்துவிடுவோம் என்றார்கள். எதையும் மறைக்காமல் ஆபாசத் தளத்தில் போட்டுவிட்டார்கள். எடுக்கச் சொன்னால், ‘பாண்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், 3 லட்சம் கட்டு’ என்கிறார் தயாரிப்பாளர். கம்பெனியில் இரண்டு பேர் அதைப் போனில் வைத்து என் முகத்துக்கு நேரே காட்டுகிறார்கள். போலீசுக்குப் போனால் மானம் போகும் என்று அண்ணன் தடுக்கிறார்.

பதில்: சகோதரி, அந்த 3 லட்சத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். சட்டம் தடுத்த காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு. ஏமாற்றி வாங்கிய கையெழுத்தை 19-வது பிரிவின்படி நீங்களே ரத்து செய்யலாம். பணம் கேட்டு அவர் மிரட்டுவது தனிக் குற்றம். அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள்.

உங்களுக்குப் பலமான ஆயுதம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு. வெளிப்படையான பாலியல் காட்சியை இணையத்தில் வெளியிட்டால் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். நடித்தவர் சம்மதித்தாரா என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. அதனால்தான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘நீயும் தெரிந்துதானே நடித்தாய்’ என்று உங்களையும் கேட்பார்கள். எதற்குச் சம்மதித்தீர்கள், எதை மறைப்பதாக வாக்குக் கொடுத்தார்கள் என்பதை ஒளிக்காமல் புகாரிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் வெளிவரும் உண்மையைவிட முன்னாலேயே சொன்ன உண்மைதான் உங்களைக் காக்கும். படம்பிடிக்கச் சம்மதித்த பெண், அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவும் சொல்கிறது. மறைப்பதாகச் சொன்ன காட்சிகளுக்கு இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

சென்னைக்கு அலைய வேண்டாம். சம்பவம் எங்கே நடந்தாலும் இராமநாதபுரம் சைபர் கிரைம் போலீசிலேயே புகார் கொடுக்கலாம். லிங்க், தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், பாண்டின் நகல், சம்பளம் வந்த கணக்கு விவரம் இவற்றைக் கொண்டுபோங்கள். வீடியோவை யாருக்கும், ஆதாரத்துக்கு என்றுகூட ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதுவும் பரப்பியதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம்.

அன்றைக்கே தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். இப்படிப்பட்ட படத்தை நீக்க 2021-ல் வந்த விதிகள் 24 மணி நேரக் கெடு வைத்தன. அசைய மறுத்தால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. 2025-ல் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்க வீடியோக்களை 48 மணி நேரத்தில் நீக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

கம்பெனியில் காட்டும் அந்த இருவரை விடாதீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மனம் கொதித்த இடம் அதுதான். வேலையிடத்தில் ஒரு பெண்ணிடம் ஆபாசப் படம் காட்டுவது 2013-ம் வருடச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் கொடுங்கள். கடைசியாக அவர்கள் காட்டிய நாளிலிருந்து 3 மாதம்தான் அவகாசம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் தருவார்கள்.

அண்ணனிடம் இந்தப் பதிலை வாசிக்கக் கொடுங்கள். மானத்தைக் கெடுத்தவன் சென்னையில் இருக்கிறான். ஸ்டேஷனுக்கு உங்களோடு அவரும் வந்து நிற்கட்டும்.