எண்ணூருக்கு அணு உலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எண்ணூரில் நிலக்கரி மின் நிலையங்கள் கொட்டுகிற சாம்பலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அப்பா பல வருடமாக இன்ஹேலரோடுதான் நடமாடுகிறார். நிலக்கரியை மூடிவிட்டு இங்கேயே ஓர் அணு உலை கட்டினால் என்ன என்று கேட்டால், “ஃபுகுஷிமா மறந்துபோச்சா?” என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

அணுமின்சாரம் வேண்டும் என்கிற பக்கம்தான் நான். ஆனால் எண்ணூரில் வேண்டாம்.

போன மாதம் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் போயிருந்தேன். தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கிற அம்மா ஒருவர், வாயில் கடித்திருந்த பறியை எடுத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். சேறு இல்லை, சாம்பல். முகப்பவுடர் மாதிரி நைசாக இருந்தது. சாம்பல் குட்டைக்குப் போகிற குழாய்கள் உடைந்து உடைந்து ஆற்றில் இறங்கியது. முன்பெல்லாம் காலுக்கடியில் மணல் இருக்குமாம்.

1970ல் ஓட ஆரம்பித்த பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017ல் மூடிவிட்டார்கள். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் இன்னும் எரிகிறது. நிலக்கரி ஆளைக் கொல்ல விபத்தே வேண்டாம், ஒழுங்காக ஓடினாலே போதும். செர்னோபில், ஃபுகுஷிமா அணு உலை விபத்துச் சாவுகளைச் சேர்த்துக்கொண்டாலும், அதே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரி வாங்குகிற உயிர்கள் பல நூறு மடங்கு.

ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நிலம் குலுங்கியதுமே, ஓடிக்கொண்டிருந்த உலைகள் தானாக நின்றுவிட்டன. ஆனால் அணு உலை, அணைத்ததும் ஆறிப்போகிற அடுப்பு அல்ல. நிறுத்திய கணத்திலும் 6, 7 சதவீத வெப்பம் மிச்சமிருக்கும். அதற்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரை ஓட்ட வேண்டிய டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை தாழ்வான இடத்தில் இருந்து சுனாமியில் மூழ்கின. கல்பாக்கத்திலும் 2004 டிசம்பர் 26 அன்று பம்ப் ஹவுஸுக்குள் கடல் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். எதை எந்த உயரத்தில் வைப்பது என்பது இன்ஜினீயர்கள் தீர்க்கக்கூடிய விஷயம். கழிவைப் பற்றி இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

எனக்குள்ள பயம் வேறு. செர்னோபில் உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26 அதிகாலை. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த பிரிப்யாத் ஊர்க்காரர்களை மறுநாள் மதியத்துக்கு மேல்தான் பஸ் ஏற்றினார்கள். அதுவரை பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகமெல்லாம் படர்ந்தது. அந்த மாதமே ஒரு நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவ்வளவு நெரிசலில், ரசாயனக் கிடங்குகளுக்கு நடுவில் உலை கட்ட எந்த விதியும் இடம் தராது. தந்தாலும், அந்த ராத்திரி ஓடியவர்களிடம் போய் “இது பத்திரமானது, நம்புங்கள்” என்று சொல்ல எனக்கு வாய் வராது. உலைகளின் பாதுகாப்பைக் கண்காணிக்க 1983ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமே, அணுசக்தித் திட்டங்களை வகுக்கிற அணுசக்தி ஆணையத்துக்கு வெகுகாலம் கட்டுப்பட்டுத்தான் இருந்தது. கேள்வி கேட்கிறவர் கேட்கப்படுகிறவருக்குக் கீழே இருந்தால் எப்படி?

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உலைகள் கூடட்டும், நம் நிலக்கரி அலகுகள் ஒவ்வொன்றாக நிற்கட்டும். அதற்கு முன்னால் சாம்பல் குழாயை மாற்றச் சொல்லிக் கேட்போம். அடுத்த கிராம சபையில் அத்திப்பட்டுக்காரர்கள் இதை எழுப்பப் போகிறார்கள், நானும் போகிறேன். முடிந்தால் வாருங்கள்.

மார்கழியில் புகை மேலே ஏறாமல் தாழவே தங்கும். அப்பாவை விடியற்காலையில் வாக்கிங் போக விடாதீர்கள்.